கையை மட்டும் முதலில் வரைந்து காட்டச் சொல்லுங்கள்

திருப்பூரில் ஒரு சாயப்பட்டறை லேபில் 17 வருடமாக ஷேடு பார்க்கிற வேலை எனக்கு. பையர் அனுப்பிய துணித்துண்டையும் அதே நிறத்துக்கு நாங்கள் சாயம் போட்ட சாம்பிள் துணியையும், அதாவது லேப் டிப்பையும், லைட் பாக்ஸுக்குள் ஒட்டினாற்போல் வைத்து, பகல் வெளிச்சத்துக்கு டி65, கடை வெளிச்சத்துக்கு டிஎல்84 என்று விளக்கை மாற்றி மாற்றிப் பார்ப்போம். அதிலேயே யூவி விளக்கு ஒன்றும் உண்டு. துணியில் வெளுப்பு கெமிக்கல் ஏறியிருந்தால் அதில் காட்டிக்கொடுத்துவிடும். ஒரு நைட் ஷிப்டில், லேபில் யாரும் இல்லாத நேரம், முழுக்கைச் சட்டையைச் சுருட்டிவிட்டு என் கையை அந்த யூவி விளக்குக்குக் கீழே நீட்டினேன். 16 வயதிலிருந்து எனக்கு வெண்புள்ளி. 26 வருடமாக மூடியே வைத்திருந்த கை. புள்ளிகள் எல்லாம் நீலம் கலந்த வெள்ளையாகப் பளீரென்று தெரிந்தன. ஓரம் வளைந்து வளைந்து, ஒன்றோடு ஒன்று சேர்ந்தும் சேராமலும். இது அழகாக இருக்கிறதே என்று வாழ்நாளில் முதல் தடவையாகத் தோன்றியது. அழுதுவிட்டேன். அன்றைக்குத்தான் என்னை யாராவது இப்படியே, துணியில்லாமல் முழுசாக, வரைந்து வைக்கவேண்டும் என்ற ஆசை வந்தது.

ஏன் முழுசாக என்று கேட்பீர்கள். புள்ளி என் மார்பில் தொடங்கி இடுப்பைச் சுற்றி முதுகுக்குப் போகிறது. எந்தத் துணியை உடுத்தினாலும் அதைப் பாதியில் வெட்டிவிடும். போட்டோ வேண்டாம் என்பதில் உறுதியாக இருந்தேன். போட்டோ என்றால் ஒன்று பத்தாகும், பத்து நூறாகும். ஓவியம் ஒன்றே ஒன்று, என் வீட்டில் இருக்கும். பெண் பார்க்க வந்த 5 குடும்பங்கள் கையைப் பார்த்ததும் காபியைக் கீழே வைத்துவிட்டுப் போன கதையெல்லாம் இங்கே எழுதப்போவதில்லை. இது தொற்றாது, தொழுநோயோடு எந்தச் சம்பந்தமும் கிடையாது, தோலுக்கு நிறம் கொடுக்கிற செல்கள் அழிந்துபோவதால் வருவது. இதை மட்டும் ஒரு தடவை சொல்லிவிட்டு மேலே போகிறேன்.

இந்த ஊரில் இதை யாரிடம் கேட்பது என்று தெரியவில்லை. தோழிகளிடம் சொன்னால் என்ன நினைப்பார்களோ என்று பயம். ஒரு நாள் பேரூர் கோவிலுக்குப் போனபோது கனகசபை மண்டபத்தில், பிச்சையெடுக்கும் கோலத்துச் சிவனான பிட்சாடனர் தூணுக்கு முன்னால் வெகுநேரம் நின்றேன். உடம்பில் துணியில்லாமல்தான் நிற்கிறார். கைக்குழந்தையோடு வந்தவர்கள் கும்பிட்டுவிட்டு அடுத்த தூணுக்குப் போகிறார்கள். என் மனசில் இருந்த கூச்சத்தில் பாதி அங்கேயே இறங்கிவிட்டது. மீதிப் பாதி இருந்ததால்தான், நான்கு பேரிடம் விசாரிக்காமல், தனியாக இன்ஸ்டாகிராமில் தேடிக் கோயம்புத்தூரில் ஒரு ஓவியரைப் பிடித்தேன். ஐம்பது வயதுக்காரர், முறையாகப் படித்தவர். அவர் வரைந்த முகங்கள் எனக்குப் பிடித்திருந்தன. 3 அடிக்கு 4 அடி, ஆயில் பெயின்டிங், 48,000 ரூபாய் என்று பேசி 24,000 அட்வான்ஸ் கொடுத்தேன். இரண்டு வாரம் கழித்து கேன்வாஸுக்கும் சட்டத்துக்கும் என்று இன்னொரு 8,000 கேட்டார். அதையும் கொடுத்தேன்.

வேலையில் நான் அப்படிச் செய்யவே மாட்டேன். 5 கிலோ துணியாக இருந்தாலும் லேப் டிப் அப்ரூவல் ஆகாமல் சாயத்தொட்டியில் இறக்க விடமாட்டேன். ஆனால் என் உடம்பு என்று வந்ததும் சாம்பிள் கேட்கக் கூச்சப்பட்டேன். நாம் செய்வதே பெரிய விஷயம், இதில் நிபந்தனை வேறு போடுவதா என்று ஒரு நினைப்பு. இந்த நினைப்புதான் எல்லா நஷ்டத்துக்கும் முதல். எவ்வளவு கூச்சமான வேலையாக இருந்தாலும் அது வேலைதான். காசு கொடுப்பவர் நீங்கள், கேட்கிற உரிமை உங்களுடையது.

முதல் நாள் அவர் வீட்டு மாடிக்குத் தனியாகப் போனேன். யாரிடமும் சொல்லவில்லை. அம்மாவிடம் ஆடிட் என்றேன். இப்போது நினைத்தால் நெஞ்சு அடித்துக்கொள்கிறது. அவர் தவறாக நடக்கவில்லை, அதைச் சொல்லிவிட வேண்டும். ஆனால் நான் எங்கே இருக்கிறேன் என்று ஒரு உயிருக்கும் தெரியாது. அரை மணி நேரம் கரியில் கோடு போட்டார். பிறகு, "நீங்க ஒவ்வொரு தடவையும் வர வேண்டியதில்லைங்க, போட்டோ எடுத்து வெச்சுக்கறேன், அத வெச்சே முடிச்சுடலாம்" என்றார். போட்டோ வேண்டாம் என்ற உறுதியோடு போனவள் நான். வேண்டாம் என்று சொல்ல வாய் வரவில்லை. சொன்னால் அவரைச் சந்தேகப்படுகிற மாதிரி ஆகிவிடுமே என்று தோன்றியது. "ஆர்ட்டிஸ்டும் டாக்டர் மாதிரிதானுங்க" என்றார். அவருடைய சொந்த போனில் ஏழெட்டுப் படம் எடுத்தார். வீட்டுக்கு வரும் வழியில் அவிநாசி ரோட்டில் பஸ்ஸுக்குள் உட்கார்ந்திருக்கும்போதே உள்ளங்கை வியர்த்துக்கொண்டே இருந்தது.

மூன்றாவது தடவை போனபோது படம் முக்கால்வாசி முடிந்திருந்தது. துணியை விலக்கிக் காட்டினார். பார்த்ததும் எனக்குப் பொக்கென்று ஆகிவிட்டது. என் முகம் இருந்தது. இடுப்பு நான்கு அங்குலம் குறைந்திருந்தது. புள்ளி ஒன்றுகூட இல்லை. கழுத்திலிருந்து கால் வரை ஒரே சீரான கோதுமை நிறம். "எங்கீங்க என் புள்ளி?" என்று கேட்டேன். "அழகா இருக்கோணுமல்லங்க, அதான் சரி பண்ணிட்டேன்" என்றார். நல்ல மனசோடுதான் சொன்னார், அதுதான் எனக்குத் தாங்கவில்லை. காபியைக் கீழே வைத்துவிட்டுப் போன ஐந்து குடும்பமும் நினைத்தது இதைத்தானே. திருத்தி வரையச் சொன்னேன். புதுசாகத்தான் வரைய வேண்டும், இன்னும் 20,000 ஆகும் என்றார்.

பணத்தோடு போயிருந்தால் மறந்திருப்பேன். இரண்டு மாதம் கழித்து அந்த அரைகுறைப் படத்தை அவருடைய இன்ஸ்டாகிராம் பக்கத்தில் மாதிரிக்குப் போட்டிருந்ததைப் பார்த்தேன். முகத்தைப் பாதி மறைத்திருந்தார். கீழே ஆட்கள் பாராட்டி எழுதியிருந்தார்கள். அன்றைக்கு ராத்திரி முழுக்கத் தூங்கவில்லை. ஒறம்பரையில் யாராவது பார்த்தால், அம்மா காதுக்குப் போனால், கம்பெனியில் யாராவது அடையாளம் கண்டால் என்று கணக்குப் போட்டே விடிந்தது. இதையெல்லாம் விட அவர் போனில் இருக்கும் அந்த ஏழெட்டுப் போட்டோ. என் கண் முன்னால் அழித்துக் காட்டினார்தான். அழித்த படம் போனில் இன்னொரு ஃபோல்டரில் ஒரு மாதம் வரை கிடக்கும் என்பதும், கூகுளில் தானாகவே ஒரு நகல் ஏறியிருக்கலாம் என்பதும் எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

ஈரோட்டில் ஒரு பெண் வக்கீலிடம் போனேன். 2,500 ரூபாய் பீஸ். அந்தப் பணம் மட்டும்தான் அந்த ஏழு மாதத்தில் நான் உருப்படியாகச் செலவு செய்தது. அவர் சொன்னதை எல்லாரும் தெரிந்துகொள்ள வேண்டும். 1957-ம் வருடத்துக் காப்புரிமைச் சட்டம் 17-வது பிரிவின்படி, காசு கொடுத்து நீங்கள் வரையச் சொன்ன உருவப்படத்துக்கு, வேறு ஒப்பந்தம் எதுவும் இல்லாதவரை, முதல் காப்புரிமை உங்களுக்குத்தான். வரைந்தவர் அதை நகல் எடுக்கவோ வெளியிடவோ உங்கள் அனுமதி வேண்டும். அதனால் ஓவியர் ஏதாவது தாளை நீட்டிக் கையெழுத்துக் கேட்டால், உரிமை அவருக்கு என்று அதில் எழுதியிருக்கிறதா என்று வரி வரியாகப் படியுங்கள். இரண்டாவது, போட்டோ. தனிமையில் இருக்கும் ஒரு பெண்ணைப் படம் எடுக்க அவளே சம்மதித்திருந்தாலும், அடுத்தவருக்குக் காட்ட அவள் சம்மதிக்கவில்லை என்றால், காட்டுகிறவர் பாரதிய நியாய சன்ஹிதா 77-வது பிரிவில் குற்றவாளி. "போட்டோ எடுக்க நீதானே ஒத்துக்கிட்டே" என்ற பேச்சு அங்கே எடுபடாது. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66இ பிரிவிலும் 3 வருடம் வரை சிறையோ 2 லட்சம் வரை அபராதமோ, இரண்டுமோ உண்டு. தேசிய சைபர் கிரைம் இணையதளத்தில் பெண்கள் தங்கள் பெயரைச் சொல்லாமலே புகார் பதியவும் வழி இருக்கிறது. நிர்வாணமாக இருப்பதாலேயே ஒரு படம் ஆபாசம் ஆகிவிடாது என்று உச்ச நீதிமன்றம் 2014-ல் சொல்லியிருக்கிறதாம். அதைக் கேட்டபோது, நான் செய்ததே தப்போ என்று உள்ளே அரித்துக்கொண்டிருந்தது கொஞ்சம் அடங்கியது.

நான் போலீசுக்குப் போகவில்லை. போயிருக்க வேண்டும் என்று சிலர் சொல்லலாம். அம்மாவுக்கு 71 வயது, எனக்குத் தெம்பு இல்லை. வக்கீல் எழுதிக்கொடுத்த நான்கு வரியை அந்த ஓவியருக்கு அனுப்பினேன். அன்று பொழுதோடவே படத்தை எடுத்துவிட்டார். அந்த கேன்வாஸை அவரிடம் விட்டுவைக்க மனசில்லாமல் இன்னும் 6,000 கொடுத்து வாங்கி வந்து, தாளில் சுற்றி அட்டாலியில் போட்டேன். மொத்தம் 40,500 ரூபாய். நான்கு நாள் லீவு.

அதோடு விட்டிருப்பேன். ஆவணி மாதம் ஒரு ஓவியக் கண்காட்சியில் கோபிப் பக்கத்து டிராயிங் டீச்சர் ஒருவரைப் பார்த்தேன். களத்துமேட்டில் உட்கார்ந்திருக்கும் ஒரு வயசான அம்மாவை வரைந்திருந்தார். அந்த அம்மாவின் காது தண்டட்டி போட்டுத் தொங்கி, துவாரம் எப்படி நீண்டிருக்குமோ அப்படியே இருந்தது. எதையும் சரி பண்ணவில்லை. நாலு பேர் போகும் வரை காத்திருந்து, பக்கத்தில் போய்ச் சட்டைக்கையைச் சுருட்டிக் காட்டினேன். "டீச்சர், இத இப்படியே வரைவீங்களா?" என்றேன். அவர் கையைப் பிடித்து வாசல் வெளிச்சத்துக்குக் கூட்டிப்போய்த் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "கஷ்டந்தான் கண்ணு. வரையலாம்" என்றார்.

இந்தத் தடவை நான் கம்பெனியில் வேலை செய்கிற மாதிரியே செய்தேன். முதலில் கையை மட்டும் வரைந்து காட்டச் சொன்னேன், 8 அங்குலத்துக்கு 10 அங்குலம், 2,000 ரூபாய். பிடிக்கவில்லை என்றால் அந்த 2,000-த்தோடு கணக்கு முடிந்தது என்று பேசிக்கொண்டோம். அதில் அவர் நிறம் கலந்ததைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். புள்ளி வெள்ளை என்றுதான் நானே இத்தனை வருடம் சொல்லிவந்தேன். அவர் டைட்டானியம் வெள்ளையில் துளி மஞ்சள் ஓக்கர், துளி ரோஜா நிறம், நரம்பு ஓடுகிற இடத்தில் பச்சை மண்நிறம் கொஞ்சம் சேர்த்தார். "வெறும் வெள்ளையா வெச்சா சுண்ணாம்பு அடிச்ச மாதிரி ஆயிரும்" என்றார். பிறகு பிரஷ்ஷின் பின்முனையால் என் மணிக்கட்டைக் காட்டி, "புள்ளி முடியற ஓரத்துல உன்ற நெறத்த விட எச்சா கறுப்பா ஒரு கோடு ஓடுது, பாத்திருக்கியா?" என்று கேட்டார். குனிந்து பார்த்தேன். மெல்லிய கரை மாதிரி இருந்தது. உள்ளே, ஒவ்வொரு மயிர்க்காலைச் சுற்றியும் எள்ளுப் போட்டது போல நிறம் திரும்பி வந்திருந்தது. இரண்டு வருடம் லைட் தெரபி எடுத்தபோது திரும்பி வந்த நிறம் அது. ஷேடு பார்த்தே சோறு தின்கிறவள், என் கையில் இருப்பதை நான் பார்த்ததில்லை. அந்தச் சின்னப் படத்தை வீட்டுக்கு எடுத்து வந்து வெயிலிலும் டியூப்லைட்டிலும் வைத்துப் பார்த்தேன். இதை நீங்களும் செய்யுங்கள். ஒரு வெளிச்சத்தில் பொருந்துகிற நிறம் இன்னொன்றில் பொருந்தாமல் போகும், படம் கடைசியில் எந்த அறையில் தொங்கப்போகிறதோ அந்த வெளிச்சம்தான் கணக்கு.

பிறகு ஒரு வெள்ளைத்தாளில் எழுதி இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டோம். நேரில் உட்கார்ந்துதான் வரைவது, போட்டோ கிடையாது, அந்த அறைக்குள் யார் போனும் வராது. ஓவியமும் அதன் காப்புரிமையும் எனக்கு, கீழே கையெழுத்துப் போடுவது அவர் உரிமை. ஒத்திகைக்குப் போடும் கரிக்கோட்டுப் படங்களும் என்னிடமே வரவேண்டும். இதை நான் முதல் தடவை யோசிக்கவே இல்லை, கேன்வாஸ் ஒன்று என்றாலும் அதற்கு முன்னால் ஏழெட்டுத் தாள் தேறும். கண்காட்சிக்கு வைப்பதென்றால் எழுத்தில் கேட்க வேண்டும். பணம் 40,000. கரிக்கோடு முடிந்து நான் சரி என்றதும் 10,000, பாதியில் 15,000, முடிவில் 15,000. முகத்தைக் காட்டுவதா என்று டீச்சரே கேட்டார். திரும்பி உட்கார்ந்தாலும் படம் நன்றாகத்தான் வரும், யோசித்துச் சொல் என்று ஒரு வாரம் கொடுத்தார். நான் முகம் வேண்டும் என்றேன். உங்களுக்கு வேண்டாம் என்று தோன்றினால் வேண்டாம், அதில் குறைச்சல் ஒன்றும் இல்லை.

கார்த்திகை, மார்கழியில் 8 ஞாயிற்றுக்கிழமை. குன்னத்தூர் வழி பஸ். அண்ணன் மனைவியிடம் மட்டும் உண்மையைச் சொல்லி, முதல் நாள் கூடவே கூட்டிப்போனேன். அவள் திண்ணையில் உட்கார்ந்து டீச்சரின் மாமியாரோடு பேசிக்கொண்டிருந்தாள். அந்த மாமியார் டீ கொண்டுவந்தால் கதவைத் தட்டமாட்டார், "அம்மிணி, வெளிய வெச்சிருக்கறேன்" என்று குரல் கொடுத்துவிட்டுப் போய்விடுவார். அந்தக் குரல் எனக்குக் கொடுத்த தைரியத்தைச் சொல்லி முடியாது. வடக்குப் பார்த்த ஜன்னல், மரக்கட்டில், அதன்மேல் பவானி ஜமக்காளம் நான்காக மடித்தது. ஜமக்காளத்தின் பச்சை, சிவப்புக் கோடு படத்திலும் இருக்கிறது.

உட்காருவது என்பது உடம்பு வேலை, இதை யாரும் எனக்குச் சொல்லவில்லை. 20 நிமிடம் அசையாமல் இருந்தால் 5 நிமிடம் ஓய்வு, அதற்கு மேல் வேண்டாம். இரண்டாவது சுற்றிலேயே இடது தொடை மரத்துப்போகும். எழுந்து போய்த் திரும்பி வந்தால் கால் எங்கே இருந்தது என்று தெரியாது, அதனால் பாதத்தைச் சுற்றிச் சாக்பீஸில் கோடு போட்டுக்கொள்ளுங்கள். ஓய்வு நேரத்தில் போர்த்திக்கொள்ள ஒரு பெரிய தேங்காய்ப்பூத் துண்டு வேண்டும், வரைகிற நேரத்துக்கு மட்டும் எடுத்தால் போதும். பாவாடை நாடாவும் எலாஸ்டிக்கும் பதிந்த தடம் இடுப்பில் மறைய ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். நான் தொளதொளவென்று ஒரு நைட்டியைக் கொண்டுபோய், போனதும் மாற்றிக்கொண்டு, டீச்சர் வண்ணம் கலக்கி முடிக்கும்வரை திண்ணையில் உட்கார்ந்திருப்பேன். வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டும் போகாதீர்கள், வெறும் வயிற்றோடும் போகாதீர்கள். முதல் ஞாயிறு 10 நிமிடம் வெட்கத்தில் காது இரண்டும் கொதித்தது. பிறகு கால் வலிதான் பெரிதாகத் தெரிந்தது. மூன்றாவது வாரத்திலிருந்து ஜன்னலுக்கு வெளியே தென்னை மட்டை அசைவதைப் பார்த்துக்கொண்டு, எதையும் நினைக்காமல் இருந்தேன். 26 வருடத்தில் மனசு அப்படி ஓய்ந்து இருந்ததே இல்லை.

பழைய கேன்வாஸ் மேலேயே வரைந்தால் செலவு மிச்சமாகுமே என்று நடுவில் கேட்டேன். டீச்சர் ஒத்துக்கொள்ளவில்லை. ஆயில் பெயின்ட் வருடக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாக ஊடுருவித் தெரிய ஆரம்பிக்குமாம், அடியில் இருக்கிற உருவம் ஒரு நாள் மேலே தலைகாட்டுமாம். அந்த ஒரே நிற உடம்பு என் படத்துக்கு அடியில் இருக்க வேண்டாம் என்று நானும் விட்டுவிட்டேன். புதுசாகக் கனமான காடாத்துணி எடுத்து, சட்டத்தில் இழுத்து ஆணியடித்து, ஜெஸோ என்கிற வெள்ளை அடிப்பூச்சைப் பூசித் தேய்த்து எடுத்தார்.

முடிந்த பிறகும் இரண்டு இடத்தில் கவனம் வேண்டும். ஒன்று பிரேம். பிரேம் கடையில் கொடுத்தால் நான்கு நாள் அங்கேயே சாமி படங்களோடு கிடக்கும், போகிறவர் வருகிறவர் எல்லாம் பார்ப்பார்கள். அளவை மட்டும் கொடுத்து வெறும் சட்டத்தை வாங்கி வந்து வீட்டில் நாங்களே பொருத்தினோம், 3,500 ரூபாய். இன்னொன்று ஈரம். தொட்டால் ஒட்டாது என்பதற்காக ஆயில் பெயின்ட் காய்ந்துவிட்டது என்று நினைக்கக்கூடாது. அதை பிளாஸ்டிக்கில் இறுக்கிச் சுற்றக்கூடாது, 6 மாதமாவது ஆகாமல் வார்னிஷ் அடிக்கக்கூடாது. ஒரு மாதம் டீச்சர் வீட்டிலேயே காயவிட்டு, மாசி மாதம் காரில் நிமிர்த்தி வைத்து எடுத்துவந்தேன்.

என் அறையில் பீரோவுக்குப் பக்கத்தில் மாட்டினேன். அம்மாவிடம் சொல்லாமல் இரண்டு நாள் கதவைச் சாத்தியே வைத்திருந்தேன். மூன்றாம் நாள், இனி ஒளித்து வைப்பதற்கா இவ்வளவும் என்று தோன்றி, கூப்பிட்டுக் காட்டினேன். அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்து பார்த்தார். எனக்கு 16 வயதில் இந்த அம்மாதான் கார்போகரிசித் தைலத்தைத் தடவி மொட்டை மாடி வெயிலில் நிற்க வைத்தது. கொப்புளம் போட்டதும் கட்டிப்பிடித்து அழுததும் இதே அம்மாதான். 20 வயதுக்குப் பிறகு நான் என் உடம்பை அவருக்கும் காட்டவில்லை. ரொம்ப நேரம் கழித்து எழுந்து போய், படத்தைத் தொடாமல், ஒரு விரக்கடை தள்ளி விரலை வைத்து, விலாவிலிருந்து இடுப்புக்கு இறங்குகிற புள்ளியின் ஓரத்தைப் பின்பற்றி மெதுவாகக் கொண்டுபோனார். இடுப்பெலும்புக்கு மேலே நிறுத்தினார்.

"இது அப்ப இல்லையே கண்ணு" என்றார்.

"இல்லீங்மா. இது அப்புறம் வந்தது."

"எனக்குத் தெரியாமப் போச்சு பாரு" என்று சொல்லிவிட்டு, அங்கேயே நின்றுகொண்டிருந்தார்.

ஆனி மாதம் டீச்சர் வார்னிஷ் அடிக்க வருகிறார். அன்றைக்கு அரிசிம்பருப்புச் சோறு செய்கிறேன், சாப்பிட்டுவிட்டுத்தான் போக வேண்டும் என்று சொல்லிவிடு என்றார் அம்மா. போன் போட்டுச் சொல்லியிருக்கிறேன்.